ஓசை வேறு, ஆற்றல் வேறு

(பதுளையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் பேச வருவோர் சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நானோ மோட்டார் வண்டியின் புகைக்குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரித்து விடாதீர்கள். இப்பொருளை நானாகத் தெரிந்தெடுக்கவில்லை. சில நாட்களுக்கு முன் இளைஞர் சிலர் என்னிடம் வந்து, "அண்ணே, காருக்கு வீட்டிலேயே சைலன்சரை மாற்றிப் போடலாமா? சத்தமும் கூடும், வேகமும் கூடும் என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டார்கள். அதே கிழமையில் பெரியவர் ஒருவர், "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறாய். இந்தப் பிள்ளைகள் ராத்திரியில் போடுகிற சத்தத்தை நிறுத்த ஒரு வழி சொல்ல மாட்டாயா?" என்று கேட்டார். இருவரும் கேட்டது ஒரே குழாயைப் பற்றி. ஆகவே இருவர்க்கும் சேர்த்து இங்கே விடை சொல்வதே முறை என்று எண்ணினேன்.

முதலில் அந்தக் குழாய் செய்யும் வேலையைப் பார்ப்போம். எஞ்சினுக்குள்ளே பெற்றோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்து முடிந்த வாயு, வால்வு திறந்ததும் மிகுந்த அழுத்தத்துடன் வெளியே பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சிறு வெடி. நான்கு சிலிண்டர் உள்ள சாதாரணக் கார் ஒன்று நிமிடத்துக்கு 3000 தரம் சுழலும்போது, ஒரு செக்கனில் 100 வெடிகள் அந்தக் குழாய் வழியே வெளியேறுகின்றன. சீன வெடிக் கட்டொன்றைக் கொளுத்தி வண்டிக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டுக் கொண்டு போவதற்கு இது ஒப்பாகும்.

எஞ்சினோடு ஒட்டியிருக்கும் கிளைக்குழாயைக் கராஜ் பாஸ்மார் ‘மெனிபோல்ட்’ என்பார்கள். அதற்கு அடுத்ததாக, புதிய வண்டிகளில் நச்சுப் புகையை மாற்றும் வினையூக்கிப் பெட்டி இருக்கும். அதற்கும் பின்னால் இருப்பது சைலன்சர். கடைசியில் வால்குழாய். இந்நான்கும் சேர்ந்த தொகுதியையே நாம் பொதுவாகச் சைலன்சர் என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கருவிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கொலம்பஸ் நகரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897 இல் எஞ்சின் ஓசையை அடக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பின்னர் ஹைரம் பெர்சி மக்சிம் என்பவர் துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியையும், அதே தத்துவத்தைக் கொண்டு மோட்டார் வண்டிக்கான சைலன்சரையும் செய்தார். இவருடைய தந்தை யார் தெரியுமா? உலகத்துக்கு மக்சிம் இயந்திரத் துப்பாக்கியைத் தந்தவர். அந்த ஓசைக்கு நடுவே வாழ்ந்து தமது செவிப்புலனை இழந்தவர். தந்தை பெருக்கிய ஓசையை மகன் அடக்கப் புறப்பட்டது வரலாற்றின் ஒரு விந்தை.

சைலன்சர் எப்படி ஓசையை அடக்குகிறது? அது புகையின் கழுத்தை நெரிக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அதன் உள்ளே சிறு அறைகளும், துளையிட்ட குழாய்களும் உள்ளன. ஓசை என்பது அலை. ஓர் அறையின் சுவரில் மோதித் திரும்பும் அலையின் மேடு, எதிரே வரும் அலையின் பள்ளத்தில் வந்து பொருந்தும்படி அறையின் நீளத்தை அளந்து வைக்கிறார்கள். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரை. அங்கே ஓசை தணிந்துவிடுகிறது. வேறு சில சைலன்சர்களில் துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். பஞ்சு ஓசையை உறிஞ்சிச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடும்.

இதை எனக்கு முதன்முதலில் விளங்க வைத்தவர் நான் படித்த மிஷன் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர். தேவாலயத்து ஓர்கனின் குழாய்களைப் படமாக வரைந்து, நீண்ட குழாய் தாழ்ந்த சுரம் தரும், குட்டைக் குழாய் உயர்ந்த சுரம் தரும் என்று காட்டினார். நம் கோயில் நாதஸ்வரமும் அதற்கு விலக்கல்ல. நாதஸ்வரம் செய்கிற ஆசாரி குழலின் நீளத்தையும், துளைகள் விழும் இடத்தையும் எத்தனை நுட்பமாகக் கணக்கிடுகிறார்! அந்தக் குழலில் நான்கு அங்குலத்தை வாளால் அறுத்துவிட்டு, "இனி இன்னும் நன்றாக ஊதும்" என்று ஒருவன் சொன்னால், நீங்கள் அவனைப் பார்த்து என்ன சொல்வீர்கள்? மோட்டார் வண்டியின் குழாயும் அளந்து செய்த குழல்தான்.

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

இக்கேள்வியில் ஓர் உண்மைத் துளி உண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன். புகை வெளியேறத் தடை குறைந்தால் எஞ்சினுக்கு மூச்சு விடுவது இலகு. பந்தய வண்டிகளின் குழாய்கள் அகன்றும் நேராகவும் இருப்பது இதனாலேயே. ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. வெளியே பாயும் ஒவ்வொரு வெடியும் குழாயின் முனையை அடைந்ததும், அதிலிருந்து ஓர் அலை உள்நோக்கித் திரும்பி வருகிறது. அது சரியான கணத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால், எஞ்சினுக்குள் மிஞ்சிய பழைய புகையை வெளியே இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் பண்ணும். கணம் தவறிப் பிந்தியோ முந்தியோ வந்தால் புகையை மீண்டும் உள்ளே தள்ளும். அந்தக் கணத்தைத் தீர்மானிப்பது குழாயின் நீளமும் அகலமும் ஆகும். ஒரு நீளம் எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்குத்தான் நன்மை செய்யும். எல்லா வேகத்துக்கும் நன்மை செய்யும் குழாய் என்று ஒன்று கிடையாது.

இந்த இரகசியத்தை மோட்டார் சைக்கிளில் ஆண்டவர் கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் பணிபுரிந்த வால்ட்டர் காடன் என்ற பொறியியலாளர். 1950 களில் அவர் இரு வீச்சு எஞ்சினுக்கு, முன்பாதி விரிந்து பின்பாதி ஒடுங்கும் ஒரு புகைக்குழாயை அளந்து அளந்து திருத்தி அமைத்தார். 1961 இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைவலுத் தந்தது. அக்காலத்தில் அது நம்பற்கரிய சாதனை. அதே ஆண்டில் அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாட்டுக்குத் தப்பி, அந்த அறிவோடு ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்தைச் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுக்கி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. தோழர்களே, கவனியுங்கள். ஒரு குழாயின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு நிறுவனம் அத்தனை பாடுபட்டது. அவர்கள் தேடியது சத்தத்தை அன்று, அளவை. நாமோ அந்த அளவை அறுத்து எறிந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

நம்முடைய பாதைகளை நினைத்துப் பாருங்கள். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1200 மீற்றருக்கும் மேலே. அப்புத்தளை 1400 ஐயும் தாண்டியது. இந்த ஏற்றங்களில், கொண்டை ஊசி வளைவுகளில், தோட்டத்துக் கல்லுப்பாதைகளில் வண்டிக்கு வேண்டியது குறைந்த சுழற்சியில் நல்ல இழுவை. சைலன்சரை அறுத்துக் குட்டையாக்கிய வண்டி பெரும்பாலும் இழப்பதும் அந்த இழுவையையே. கூடுதல் வலு ஏதேனும் கிடைத்தாலும், எஞ்சின் வெறிகொண்டு சுழலும் மேல்வேகத்தில்தான் கிடைக்கும். அந்த வேகத்தில் ஓடுவதற்கு ஊவாவில் நேர்ப்பாதை எங்கே இருக்கிறது?

உயரத்தினால் வரும் இன்னொரு கணக்கும் உண்டு. அப்புத்தளையில் காற்று கொழும்பிலுள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. மலை ஏறிய பழைய கார் மூச்சு வாங்குவதற்குக் காரணம் சைலன்சரின் அடைப்பன்று, காற்றின் குறைவு. கார்பரேற்றர் உள்ள பழைய வண்டி அதே பெற்றோலைக் குறைந்த காற்றோடு கலந்து எரிப்பதால் கரும்புகை கக்குகிறது. அதற்கு மருந்து கார்பரேற்றரைச் சீர்செய்வதே, குழாயை அறுப்பதன்று. புதிய வண்டிகளிலோ, புகையில் மிஞ்சிய பிராணவாயுவை அளக்கும் உணர்கருவி ஒன்று குழாயிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் குழாயில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கருவி ஏமாந்து, "பெற்றோல் போதவில்லை" என்று எஞ்சினுக்குச் சொல்லும். எஞ்சின் மேலும் பெற்றோலைக் குடிக்கும். 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நமக்கு இந்த நட்டத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் சைலன்சரை அறுத்தவன் "வண்டி பறக்கிறது" என்கிறானே, அவன் பொய் சொல்கிறானா? இல்லை. அவனுடைய காது அவனை ஏமாற்றுகிறது. சத்தம் பெருகும்போது வேகமும் பெருகியதாக மனம் எண்ணிக்கொள்கிறது. குறைகுடம் கூத்தாடும் என்று நம் பாட்டிமார் சொன்னது குடத்துக்கு மட்டுமா?

வேகத்தில் விருப்பமுள்ளவர்களை நான் பழிக்கவில்லை. நுவரெலியாவில் மககஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலிருந்து புகழ்பெற்றது. நமது மாவட்டத்திலேயே, தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் ஓட்டத்திடல் இருக்கிறது. வேகத்துக்கென்று ஓரிடம், விதி, மருத்துவ வண்டி, நடுவர் எல்லாம் அங்கே உண்டு. அப்படியிருந்தும் 2024 ஏப்ரல் 21 ஆந் திகதி அங்கே பந்தயக் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். விதிகள் உள்ள திடலிலேயே இத்தகைய துயரம் நேரக்கூடுமானால், பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரும் நடந்து செல்லும் பசறைப் பாதையைப் பந்தயத் திடலாக்குவது எத்தகைய செயல் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

இதுவரை சொன்னது வலுவின் கணக்கு. இனி உயிரின் கணக்கு.

வினையூக்கிப் பெட்டி என்று முன்னே சொன்னேன். கராஜில் ‘கன்வேட்டர்’ என்பார்கள். அதன் உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பின் மீது பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. புகையிலுள்ள நச்சு வாயுக்கள் அந்தச் சூட்டில் பெரும்பாலும் தீங்கு குறைந்த வாயுக்களாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. ஈயம் கலந்த பெற்றோல் இப்பூச்சைக் கெடுத்துவிடும். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டபின் அந்தத் தடை நீங்கியது. சிலர் இப்பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிட்டு, அந்த இடத்தில் வெறுங்குழாயைப் பொருத்துகிறார்கள். ஒருநாள் கிடைக்கும் காசு அது. அதன்பின் அந்த வண்டி கக்கும் நஞ்சை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்கள் பாதையோரத்து லயத்துப் பிள்ளைகள். 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை பின்னர் நாடு முழுவதற்கும் வந்து, ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு அவசியமாயிற்று. பெட்டியை விற்றவன் பரிசோதனை வரும்போது அதைப்போல் பல மடங்கு செலவழிக்க நேரும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. காபன் மொனொக்சைட்டு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த நஞ்சைப் பற்றிக்கொள்ளும். வீட்டில் செய்த ஒட்டு வேலையில் எஞ்சினுக்கும் ஆசனத்துக்கும் இடையே சிறு கசிவு இருந்தாலும் போதும், தரையிலுள்ள துருத்துளை வழியே வாயு உள்ளே ஏறும். சமவெளியில் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுவார்கள். நாமோ பனியிலும் குளிரிலும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி விடுகிறோம். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, சோர்வு, தூக்கம், இவைதான் அதன் அறிகுறிகள். நம் வளைவுப் பாதையில் பிள்ளைகள் வாந்தியெடுத்தால், "வளைவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்போம். பெரும்பாலும் வளைவுதான் காரணமாயிருக்கும். ஆனால் ஒரே வண்டியில் போனவர்கள் எல்லோருக்கும் தலை வலித்து, இறங்கி நின்றதும் தணிந்தால், பழத்தை வைத்துவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

மூன்றாவது, ஓசையின் கணக்கு. ஓசையை டெசிபல் என்ற அலகால் அளக்கிறார்கள். இதன் ஏணி சாதாரண ஏணியன்று. மூன்று படி ஏறினால் ஓசையின் சக்தி இரட்டிக்கிறது. அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம், 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று கணித்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 இல் ஒரு மணி நேரம், 100 இல் கால் மணி நேரம். சைலன்சர் இல்லாத வண்டிக்குள் தினந்தோறும் உட்கார்ந்திருப்பவன் யாருடைய செவியைக் கெடுக்கிறான்? முதலில் தன் செவியையே.

நம் ஊரின் அமைப்போ ஓசைக்கு மேலும் வலுவூட்டும். சமவெளியில் ஓசை பரந்து கரைந்துவிடும். பள்ளத்தாக்கிலோ ஒரு மலையில் மோதி மறு மலைக்குப் பாய்ந்து திரும்பும். நமுனுகுலையின் அடிவாரத்தில் ஒருவன் எஞ்சினை முறுக்கினால் எத்தனை லயங்கள் விழித்தெழும்! லயத்து அறைக்குச் சுவர் மெல்லியது, கூரை தகரம். உள்ளே விடியலில் எழுந்து பிரட்டுக்களத்துக்குப் போகவேண்டிய தாய் தூங்குகிறாள். பரீட்சைக்குப் படிக்கும் தங்கை ஒரு மூலையில் இருக்கிறாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணி கட்டியது விலகி நில் என்று எச்சரிக்க. இந்த மணியோசையோ வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸின் ஹோர்ணையும், ஆஸ்பத்திரி வண்டியின் ஒலியையும் அமிழ்த்திவிடுகிறது.

சட்டமும் இதைப் பற்றி மௌனமாயில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் எழுந்த விதிகளும் வண்டியின் அமைப்பை மனம்போனபடி மாற்ற இடம் தரவில்லை. 2007 இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி வழக்கொன்றில், விருப்பமில்லாதவரைக் கேட்டே தீரும்படி கட்டாயப்படுத்தும் உரிமை எவர்க்கும் இல்லை என்ற கருத்தை நிலைநாட்டி, இரவில் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் பொருந்துமானால், நம் காருக்குப் பொருந்தாதா? 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் சட்டத்துக்கு மாறாகப் பூட்டிய உபகரணங்களைப் பொலீசார் கழற்றச் செய்ததை எல்லோரும் கண்டோம்.

"அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்யக் கூடாதா?" என்று கேட்பீர்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் நம் வீடுகளிலுள்ள கார்களுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. பழைய சைலன்சர்கள் உதிர்கின்றன. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. நீண்ட பயணத்தில் அது ஆவியாகிப் போய்விடும். தோட்டத்திலிருந்து கடைவீதிக்கும், கடைவீதியிலிருந்து கோயிலுக்குமாகக் குளிரில் சிறுதூரம் ஓடும் வண்டியிலோ நீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கிவிடும். அதனால் அது வெளியிலிருந்து அன்றி உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. பல சைலன்சர்களின் அடியில் ஊசித்துளை ஒன்றிருக்கும். அது நீர் வடிவதற்காக வைத்தது. ஓட்டை என்று எண்ணி அதை அடைத்துவிடாதீர்கள். கிழமைக்கு ஒருமுறையேனும் வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பதும் எளிது. திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதை இயக்கி, ஒருவர் தடித்த துணியால் வால்குழாயின் வாயைச் சில கணங்கள் லேசாக மறைக்க, மற்றவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். ‘சுர்’ என்ற ஓசை வரும் இடத்திலும், கரிக்கோடு படிந்த இடத்திலும் கசிவிருக்கும். தளர்ந்த கவ்வியை இறுக்கலாம். அறுந்த இறப்பர் வளையத்தை மாற்றலாம். உதிர்ந்த சைலன்சரைக் கழற்றி அதே அளவான இன்னொன்றைப் பூட்டலாம். அதே அளவு என்பதே முக்கியம்.

ஆயினும் சில எச்சரிக்கைகள். நம் முற்றங்களில் சமதரை அரிது. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை வைக்காதீர்கள். சில்லுகளுக்குக் கல்லு வைத்து, வண்டியைத் தாங்கிகளின் மீது இருத்திய பின்னரே கீழே செல்லுங்கள். குழாய் ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் நாகப் பூச்சுள்ள ஜீ.ஐ. பைப்பைச் சைலன்சராக ஒட்டுவது நம்மிடையே ஒரு வழக்கம். அதை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பெற்றோல் தாங்கியின் அருகே வெல்டிங் செய்வது தற்கொலைக்குச் சமம். மற்றொன்று நம் மாகாணத்துக்கே உரியது. ஆடி, ஆவணியில் காற்று வீசி ஊவாவின் பட்டனாப் புல்வெளிகள் காய்ந்திருக்கும் காலத்தில், சூடேறிய குழாயுள்ள வண்டியைப் புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். சூடான கன்வேட்டர் காய்ந்த புல்லைப் பற்ற வைக்கப் போதுமானது.

பெரியோர்களே, இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகளை ஏசுவது எளிது. ஆனால் அவர்கள் ஏன் சத்தம் போடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நம் சமூகத்துக்கு நெடுங்காலம் குரல் இருக்கவில்லை. 1948 இல் நம் முன்னோருள் மிகப் பலர் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்த குறை சட்டத்தால் தீர 2003 வரை சென்றது. லயத்தில் பிறந்து, கொழும்புக் கடையொன்றில் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் உழைத்து, தீபாவளிக்கு ஊர் திரும்பும் ஒரு பிள்ளை, "நான் வந்துவிட்டேன், என்னைப் பாருங்கள்" என்று எதைக் கொண்டு சொல்வான்? கையிலிருக்கும் எஞ்சினைக் கொண்டு சொல்கிறான். அது தவறான வழிதான். ஆனால் அவன் ஆசை தவறானதன்று. இன்னொன்றையும் கவனியுங்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் ஒரு குழாயை அறுத்து வளைத்து ஒட்டிப் பூட்டத் தெரிந்த கை, திறமையுள்ள கை. அதைத் தண்டிப்பதற்கு முன் அதற்கொரு தொழில் காட்டுவோம்.

தோழர்களே, வழி இருக்கிறது. 1959 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் மொரட்டுவையில் மோட்டார் தொழிலைக் கற்பிக்கிறது. தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் மாவட்டங்கள்தோறும் உள்ளன. கராஜில் வேலை செய்தே கற்றவருக்கும், பாடநெறி படிக்காமலே திறமையைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. நம் இளைஞர் பலருக்கு இது தெரியாது. அச்சான்றிதழைக் கையில் பிடித்தவன் கொழும்பிலும் வெளிநாட்டிலும் கூலியாள் அல்லன், தொழிலாளன்.

ஆகவே சங்கத்திடம் ஒரு சிறு விண்ணப்பம். ஆண்டில் ஒரு ஞாயிறு, நல்ல கராஜ் பாஸ் ஒருவரை அழைத்து, சங்க முற்றத்தில் நம் வண்டிகளின் கசிவைப் பார்த்துச் சீர்செய்யும் சிரமதானம் ஒன்று நடத்துவோம். பெரியவர்கள் வண்டிகளைக் கொண்டு வாருங்கள். இளைஞர்கள் கைகளைக் கொண்டு வாருங்கள். அன்றைக்கே சான்றிதழ்ச் சோதனைக்கு விண்ணப்பிக்க விரும்புவோரின் பெயர்களையும் எழுதிக்கொள்வோம். இரவில் லயத்துத் தாய் தடையின்றித் தூங்குவாள். பகலில் அவள் மகன் தன் தொழிலால் பேசப்படுவான்.

நல்ல எஞ்சின் அமைதியாக மலை ஏறும். நம் பிள்ளைகளும் அப்படியே ஏறட்டும்.